செல்ஃப் எடுக்காத லாரிகள்

நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் இன்றும் சரக்கேற்றிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளுள் சில காலையில் தாமாகப் புறப்படுவதில்லை என்பதும், அதற்கென்றே டிரைவர்கள் சரிவான இடமாகப் பார்த்து இரவில் அவற்றை நிறுத்திவைப்பதும், சரிவு கிடைக்காத ஊரில் கிளீனரும் அக்கம்பக்கத்தாரும் கூடித் தள்ளுவதும் அத்தொழிலை அறிந்தவர்களுக்கு ஆச்சரியமான விஷயங்கள் அல்ல. வண்டிக்கு வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று முதலாளிகள் சொல்லும் சமாதானத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஏனெனில் தள்ளுகிறவர் அவர்கள் அல்லர்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட காற்றின் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. செல்ஃப் மோட்டார் மந்தமாகச் சுழற்றுமானால், அந்தக் காற்று தேய்ந்த ரிங்குகளின் வழியே கசிவதற்கும், அதன் உஷ்ணம் குளிர்ந்த சுவர்களில் அடங்கிப்போவதற்கும் அவகாசம் கிடைத்துவிடுவதால், வெள்ளைப் புகை வருமேயன்றி எஞ்சின் பிடிப்பதில்லை.

அப்படி மந்தமாகும் பழைய செல்ஃப் மோட்டாரில், சுழலும் உறுப்பான ஆர்மேச்சர் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அத்தனை சுற்றுத்தான் எஞ்சினின் ரிங் கியரைச் சுழற்றும் பினியனும் சுற்றும். ஆகையால் குறைந்த வேகத்திலேயே பெரும் பலத்தைக் காட்டவேண்டிய நிர்ப்பந்தத்தால், அது கனத்த உடம்பும் அடங்காத மின்சாரப் பசியும் உடையதாயிற்று. கியர் வைத்த மோட்டாரிலோ, சிறிய ஆர்மேச்சர் அதிவேகமாகச் சுழல, உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் அவ்வேகத்தைக் குறைத்துப் பலமாக மாற்றிவிடுகின்றன. இது நேற்றைய புதுமையுமன்று. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1960களின் ஆரம்பத்திலேயே தன் கார்களில் இம்முறையைக் கையாண்டது.

எனினும், பழைய மோட்டாரை எடுத்துவிட்டுக் கியர் மோட்டாரை வைக்குமுன், அதற்கு மின்சாரம் போகும் வழியைப் பார்க்கவேண்டும். பாட்டரிக் கேபிளிலும், எஞ்சினைச் சேஸிஸோடு இணைக்கும் எர்த் பட்டையிலும் துருவும் தளர்ச்சியும் சேர்ந்து ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடையே உண்டாகியிருந்தாலும், 400 ஆம்பியர் பாயும்போது 4 வோல்ட் அங்கேயே வீண் உஷ்ணமாகப் போய்விடும். 24 வோல்ட் வண்டியில் அது ஆறில் ஒரு பங்கு. செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பாட்டரியைக் கைகாட்டும் பட்டறை வழக்கத்தினால் எத்தனை நல்ல பாட்டரிகள் அகால மரணமடைந்திருக்குமோ!

புது மோட்டார் வாங்கும்போது அதன் வோல்ட், சுழலும் திசை, பினியனின் பல் எண்ணிக்கை, போல்ட் துளைகள் ஆகியவை பழையதோடு ஒத்திருக்கவேண்டும். ரிங் கியரின் பல் தேய்ந்திருந்தால் அதையும் கவனிக்காமல் விடுவது புது மோட்டாருக்குச் செய்யும் துரோகம். அசையாத பழைய மோட்டாரைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி எழுப்பும் வித்தையையும் இனிக் கைவிடவேண்டும். கார்பன் பிரஷ் சிக்கியிருந்தால் அது பலித்ததுண்டு, ஆனால் நிரந்தரக் காந்தம் வைத்த புது மோட்டார்களில் அந்த அடி காந்தத்தையே பிளந்துவிடும்.

செலவைச் சொல்லித் தயங்குகிறவர்கள், செல்ஃப் எடுக்காது என்ற பயத்தினால் சுங்கச்சாவடியிலும் சரக்குக் கொட்டடியிலும் அணைக்காமல் ஓடவிடும் எஞ்சின் குடிக்கும் டீசலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வண்டிக்கடியில் கட்டை வைப்பதற்குள் அது உருண்டுவிட்டால் கிளீனருக்கு நேரும் கதியை எந்தக் கணக்கிலும் சேர்க்கமுடியாது. கழற்றிய மோட்டாரைப் பட்டறைக்காரர் பழைய இரும்பு விலைக்குக் கேட்டால் மட்டும், உள்ளே சுற்றியிருக்கும் செம்பை நினைத்து முதலாளிகள் தாராளமாகப் பேரம் பேசலாம். அதில் எனக்கு ஆட்சேபமில்லை.