வாயுவென்று நினைத்தேன்!

போன தை மாதம் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயுதான் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். வேர்த்துக் கொட்டவே, மூத்தவன் கம்பத்திலிருந்து தேனிக்குக் கொண்டு ஓடினான். மாரடைப்பாம்! பிழைத்தார்.

அப்புறம்தான் படித்தேன். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்தவர் டாக்டர் சலீம் யூசுப். கனடாவிலிருந்து குழுவோடு 52 நாடுகளில் ஆராய்ந்து 2004-ல் சொன்னார்: முதல் மாரடைப்புக்குப் பெரும்பாலும் ஒன்பதே காரணங்கள். புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனக்கவலை, காய்கனி குறைவு முதலியவை.

நல்ல குழம்புப் பக்குவத்தைத் தெருவே கேட்டு வாங்குமில்லையா? அப்படி, உலக டாக்டர்கள் தங்கள் கட்டுரைகளில் அதிகம் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சியாளர்களில் அவரும் ஒருவர்.

எங்க வீட்டில் பீடி போச்சு; சாயங்கால நடை வந்தாச்சு. சகோதரிகளே, நெஞ்சு வலித்தால் ஓமத்தை நம்பிக் காத்திருக்காதீங்க!