ஆபீஸ் ஈமெயில் சர்வர்களுக்கு இரட்டை நெருக்கடி: நிறுவனங்கள் முன் உள்ள வழிகள் என்ன?

பெரிய நிறுவனத்தில் ஈமெயில் ஒரு மணி நேரம் நின்றாலே ஆர்டர், பில், ஒப்பந்தம் எல்லாம் தேங்கிவிடும். அந்த ஈமெயில் சர்வரைச் சொந்தமாக வைத்து இயக்கும் நிறுவனங்களுக்கு, 2025 அக்டோபரில் 12 நாள் இடைவெளியில் இரண்டு அடி விழுந்தது. அக்டோபர் 2-ல் விஎம்வேரின் 'விஸ்ஃபியர் 7' மென்பொருளுக்கான பொது ஆதரவு முடிந்தது. அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவும் முடிந்தது. இதனால் என்ன சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரு பெரிய கம்ப்யூட்டரை மென்பொருள் மூலம் பல கம்ப்யூட்டர்களாகப் பிரிப்பதுதான் விர்ச்சுவல் மெஷின். ஒரே கட்டிடத்தில் பல குடும்பங்கள் தனித்தனி பூட்டு, சாவியோடு குடியிருப்பது மாதிரி. இப்படிப் பங்கு பிரித்துக் கொடுக்கும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர். விஸ்ஃபியரின் வேலை இதுதான். ஒரு கம்ப்யூட்டர் பழுதானாலும், அதிலிருந்த மெயில் சர்வரை இன்னொன்றில் சில நிமிடங்களில் இயக்கிவிடலாம்.

மெயில் சர்வருக்கு ஏன் தனி கவனம்?

இது மற்ற குடித்தனக்காரர்கள் போல அல்ல, இடம் நிறைய கேட்கும். எக்ஸ்சேஞ்ச் 2019-க்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் மெமரி 128 ஜிபி. தேவைக்கேற்ப மெமரியைக் கூட்டிக் குறைத்து மற்ற மெஷின்களோடு பகிர்ந்தால் ஆதரவு கிடையாது. மெயில்பாக்ஸ் நகல்களையும் வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் வைக்க வேண்டும். எல்லா நகலும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்து, அது நின்றுவிட்டால் அவ்வளவுதான்.

செலவு எங்கே எகிறியது?

பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாகப் பயன்படுத்தும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. இனி சந்தா மட்டும்தான். சுமார் 75,000 விர்ச்சுவல் மெஷின்களை இயக்கிய அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 2024-ல் வழக்குத் தொடர்ந்தது. 1,050% விலை உயர்வு கேட்கப்பட்டதாகப் புகார் கூறியது. சந்தாதான் மென்பொருள் துறையின் வழக்கம் என்றது பிராட்காம். கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

2025 ஜூலையில் வந்த எக்ஸ்சேஞ்சின் புதிய பதிப்பும் சந்தா அடிப்படையிலானதே. ஆக, சொந்த வீடு என்று நினைத்தது மேல்தளம், கீழ்தளம் இரண்டிலும் வாடகை வீடாகிவிட்டது.

பழையதையே ஓட்டினால் என்ன?

இதுதான் மிக ஆபத்தான முடிவு. 2023 பிப்ரவரியில் 'இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ்' என்ற ரான்சம்வேர், உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்களை முடக்கியது. 2 ஆண்டுகளுக்கு முன்பே பேட்ச் வெளியான ஓட்டை வழியாகத் தாக்குதல் நடப்பதாக பிரான்ஸின் சைபர் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. பேட்ச் இருந்தும் போடாததற்கே இந்தக் கதி. ஆதரவு முடிந்த பதிப்புக்கு வழக்கமான பேட்ச்சே வராது. ஹைப்பர்வைசர் விழுந்தால், அதன் மேல் ஓடும் அத்தனை சர்வர்களும் சேர்ந்தே விழும்.

என்ன வழி?

* கிளவுடுக்கு மாறுவது: பராமரிப்புத் தலைவலி குறையும். ஆனால் ஆள் கணக்கில் சந்தா கட்ட வேண்டும், டேட்டாவும் வேறு நிறுவனத்திடம் இருக்கும். மத்திய அரசு சுமார் 12 லட்சம் ஊழியர்களின் ஈமெயிலை ஜோஹோ தளத்துக்கு மாற்றியதாக 2025-ல் செய்திகள் வெளியாகின.

* ஹைப்பர்வைசரை மாற்றுவது: ஹைப்பர்-வி, நியூட்டனிக்ஸ், பிராக்ஸ்மாக்ஸ் போன்றவை உள்ளன. ஆனால் ஊழியர்களுக்குப் புதிதாகப் பயிற்சி வேண்டும்.

* எக்ஸ்சேஞ்சைப் புதுப்பிப்பது: 2019 பதிப்பில் இருப்பவர்கள் அதே சர்வரிலேயே புதிய பதிப்புக்கு மாறலாம். 2016-ல் இருப்பவர்கள் புது சர்வர் அமைத்து மெயில்பாக்ஸ்களை நகர்த்த வேண்டும்.

எந்த வழியிலும் செலவு உண்டு. சந்தா பில்லையாவது முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கலாம். ரான்சம்வேர் தாக்கினால் எத்தனை நாள் ஈமெயில் நிற்கும், எது திரும்பக் கிடைக்கும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது.