மனிதர் பூட்டிச் சென்ற தீவு

பூகோளப் படத்தில் ஸ்கொத்லாந்தின் மேற்குப் புறத்தைப் பார்க்கும் மாணவர்கள், புறத்தீவுகளுக்கும் அப்பால், நடுக்கடலில் மைத்துளி போன்ற ஒன்றைக் காண்பர். அதுவே சென்ற் கில்டாத் தீவுக் கூட்டம். பெருந்தீவாகிய ஹிர்ற்றாவுக்குக் கோடை மாதங்களில் ஹரிஸ், ஸ்கை தீவுகளிலிருந்து படகுகள் செல்கின்றன. கடல் இசைந்தால் சில மணி நேரம் கரையிறங்கலாம். இசையாவிடில் தரையில் கால் வையாமலே திரும்ப வேண்டியதுதான்.

இயற்கைக் காட்சியை நாடிச் செல்வோருக்கு அங்கே குறையொன்றுமில்லை. கொனாகெயர் மலை ஏறக்குறைய 1,400 அடி உயரத்திலிருந்து செங்குத்தாய்க் கடலில் இறங்குகிறது. பக்கத்துப் பொரரே தீவின் பாறைகள், கனற் என்னும் வெண்ணிறக் கடற்பறவைகள் நெருங்கி அமர்வதால் தூரத்தே பனி படிந்தனபோல் தோன்றும். பழைய இனத்துச் சிறிய செம்மறியாடுகள் மேய்ப்பாரின்றித் திரிகின்றன. வேறெங்கும் காணப்படாத வயலெலி வகையொன்றும் அங்குண்டு.

ஆயினும், வளைகுடாவை நோக்கி வரிசையாக நிற்கும் கல்வீடுகளே எம் சிந்தையைக் கவர்கின்றன. அவற்றில் வாழ்ந்தோர் கயிற்றைக் கட்டிக்கொண்டு மலைமுகட்டிலிருந்து இறங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்தனர். பறவை இறைச்சியைக் காற்றுப் புகும் கற்குடில்களில் உலர்த்தி வைத்தனர். நிலச்சொந்தக்காரருக்கு வாடகையாக இறகுகளையும் கொடுத்தனர். காலையில் ஆடவர் கூடி அன்றைய வேலையைப் பேசித் தீர்மானிப்பர். வந்து பார்த்தோர் அதனைப் 'பாராளுமன்றம்' என்றனர்.

இதனைக் கேட்டு, அது ஒரு பொற்காலமென மயங்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு பிறந்த குழந்தைகளுட் பல, பிறந்த சில நாட்களிலேயே ஏர்ப்புவலி கண்டு மாண்டன. 1890களில் பாதிரியாரொருவர் சுத்தமான பிரசவ முறையைப் புகுத்திய பின்னரே அக்கொடுமை நீங்கிற்று. 1852இல் 36 பேர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டனர். அவருட் பலர் வழியிலேயே நோயால் இறந்தனர். நீராவிக் கப்பல்களில் உல்லாசப் பிரயாணிகள் வரத் தொடங்கியதும் பணமும் வந்தது. கூடவே தடிமனும் இருமலும் வந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இவ்வீழ்ச்சியில் தமக்கும் பங்குண்டென அறிந்திருப்பரோ?

இளைஞர் வெளியேற வெளியேற, படகு வலிக்கவும் ஆள் போதவில்லை. 1930 மே மாதத்தில் தம்மை அப்புறப்படுத்துமாறு தீவினரே அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தனர். எவரும் அவர்களைத் துரத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆகஸ்ட் 29ஆந் திகதி, எஞ்சியிருந்த 36 பேரும் 'ஹேர்பெல்' என்னும் கப்பலில் ஏறினர். ஏறுமுன், கொண்டுசெல்ல இயலாத தம் நாய்களைக் கடலில் அமிழ்த்திக் கொன்றனர். வீடுகளில் வேதாகமத்தை விரித்து, அருகே சிறிது ஓட்ஸ் தானியத்தையும் வைத்துக் கதவைப் பூட்டினர்.

1957 முதல் ஸ்கொத்லாந்தின் தேசிய நம்பிக்கை நிறுவனம் தீவுகளைப் பேணி வருகிறது. யுனெஸ்கோ 1986இல் அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. வெளியேறிய ஆடவர் சிலருக்குப் பெருநிலத்தில் அரசாங்கம் அளித்த உத்தியோகம் யாதெனில், காடு வளர்க்கும் வேலை. அவர்கள் பிறந்து வளர்ந்த தீவிலோ ஒரு மரமும் இருந்ததில்லை.