குளுகோஸ் சோறாகாது

மும்பையில் பிழைக்க வந்த தமிழர் ஒருவர் திடீரென நோயில் விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டால், வெளியே காத்துக் கிடக்கும் உறவினர் கண்ணில் படுவது தொங்குகிற பாட்டில்தான். "குளுகோஸ் ஏறுகிறது, பசிக்காது" என்று மனதைத் தேற்றிக் கொள்கின்றனர்.

இந்த நம்பிக்கை தவறானது. சாதாரணமாக ஏற்றப்படும் 5 சதவிகித குளுகோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. அதில் நூறு கலோரிகூட இல்லை. புரதம் அறவே கிடையாது. பல சமயங்களில் ஏறுவது வெறும் உப்புநீர். 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கோ நாளொன்றுக்குச் சுமார் 1,500 கலோரியும் 70 கிராம் புரதமும் தேவை.

கடும் நோயில் உடல் தன் தசையையே கரைத்துத் தின்கிறது. லண்டனில் 63 நோயாளிகளைப் பரிசோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், பத்தே நாட்களில் தொடைத் தசை சுமார் 18 சதவிகிதம் குறைந்திருந்தது. உணவு கொடுத்தால் இந்த நலிவு முற்றிலும் நின்றுவிடாது என்பது உண்மையே. ஆனால் பட்டினி அதை மேலும் மோசமாக்கும். எனவேதான், ரத்த அழுத்தம் நிலைப்பட்டவுடன், 24 முதல் 48 மணி நேரத்திற்குள் மூக்குக் குழாய் வழியே உணவைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவச் சங்கங்கள் வலியுறுத்துகின்றன. அதுவும் படிப்படியாக. பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென முழு உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பாசத்தினால், நினைவு தெளியாதவர் வாயில் இளநீரோ பாலோ ஊற்றுவது அதைவிட விபரீதம். அது நுரையீரலுக்குள் போய்விடும்.

உறவினர் செய்யத்தக்கது கேட்பதுதான். "உணவு எப்போது தொடங்கும்? இன்று எவ்வளவு போயிற்று?" ஆனால் இந்தியும் மராத்தியும் சரளமாக வராத தாராவித் தொழிலாளி டாக்டரிடம் இதை எப்படிக் கேட்பார்? டாக்டர் கோபித்துக் கொள்வாரோ என்ற அச்சம் வேறு.

பொது மருத்துவமனைகளில் உணவியல் நிபுணர் தினமும் தீவிர சிகிச்சைப் பிரிவைச் சுற்றி வர மாநகராட்சியும் மாநில அரசும் வகை செய்ய வேண்டும். விலையுயர்ந்த மாவு டின்களை வெளியே வாங்கி வரச் சொல்வதற்கு முன், பருப்பு, முட்டை, பால் பவுடர் கொண்டு மருத்துவமனைச் சமையலறையிலேயே சுகாதாரமாகத் தயாரித்து வடிகட்டிய குழாய் உணவு இந்நோயாளிக்குப் போதுமா என்று பார்ப்பது நல்லது. நகரின் தமிழ்ச் சங்கங்கள், ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, நாலு பாஷை தெரிந்த அன்பர்களை மாலைப் பார்வை நேரத்தில் அனுப்பி, அந்த இரு கேள்விகளையும் உறவினர் சார்பில் கேட்கச் செய்யலாம்.