சுரண்டும் நாளில் சுற்றுலா!

ஒரு மாதமாகக் கடையநல்லூரில் எங்கள் வீட்டில் மராமத்து வேலை. திண்ணையில் அடுப்பு, கட்டிலுக்கடியில் அரிசி மூட்டை! அதெல்லாம் சமாளித்தாயிற்று. ஆனால் பழைய ஜன்னல் பெயிண்ட்டைச் சுரண்டிய அன்று, என் இரண்டு வயதுக் குட்டி அந்தத் தூளைத் தொட்டு விரலை வாயில் வைத்தாளே, நெஞ்சு பதறிப் போச்சு!

பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கலந்து வீட்டு பெயிண்ட் தயாரிக்க, 2017 நவம்பரிலிருந்துதான் நம் நாட்டில் தடை.

“நாங்கள்லாம் வளரலையாம்மா?” என்றார் அத்தை. என்றாலும் வேலையை அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அத்தை, குழந்தைகள், புளியோதரைத் தூக்கு சகிதம் தென்காசி பஸ் ஏறிக் குற்றாலம் போய்விட்டோம். சாரலில் நனைந்ததும் அத்தைக்கே குஷி! வீட்டில் இருந்த அவர், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்தே சுரண்ட வைத்தார். தூளை ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்தெடுத்தார்; துடைப்பம் போட்டால் தூசி பறக்குமே!

சகோதரிகளே, மராமத்து நடக்கும்போது சுற்றுலா போவதானால், சுரண்டுகிற நாளில் போங்கள்!