புகையடிக்கிறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க

பொங்கலுக்கு ஊருக்கு வர்ற பட்டணத்துச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே வாய்ப்பாடு: "சுத்தி வயலா இருக்கு, அதான் இவ்வளவு கொசு." டெங்கு செய்தி வந்தாலும் இதே பேச்சுதான். டெல்டான்னா தண்ணி, தண்ணின்னா கொசு, கொசுன்னா காய்ச்சல். மூணே வார்த்தையில தீர்ப்பு எழுதிட்டு ஊருக்குப் பஸ் ஏறிடுறாங்க.

எல்லாக் கொசுவும் ஒண்ணு இல்லைங்க. டெங்குவைப் பரப்புற ஏடிஸ் எஜிப்டி சேத்துல முட்டை போடாது. அதுக்கு வீட்டுக்குள்ளயும் வீட்டைச் சுத்தியும் தேங்கி நிக்கிற தெளிஞ்ச தண்ணி வேணும். சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டு, பூந்தொட்டிக்கு அடியில வச்ச தட்டு, கொட்டாங்குச்சி, பழைய டயர், முற்றத்துல கிடக்குற ஆட்டுக்கல். பொறந்த இடத்துல இருந்து பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளயேதான் சுத்தும். பகல்ல உங்களைக் கடிக்கிற டெங்கு கொசு பொறந்தது உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோதான். சென்னையில மலேரியாவைப் பரப்புற அனாபிலிஸ் ஸ்டீபன்சியும் இப்படித்தான். மேல்நிலைத் தொட்டியும் கிணறும்தான் அதுக்கு வயல்.

அதுக்காக வயலுக்கு நற்சான்று கொடுக்க வரலை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புற கியூலெக்ஸ் வகை நெல் வயல்லதான் வளருது. அதை மறைச்சுப் பேசினா நான் விவசாயி இல்லை. ஆனா அதுக்கு வழியும் வயல்லயே இருக்கு: காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுறது. மதுரையில இயங்குன மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்துக்காரங்க தமிழ்நாட்டு வயல்லயே இதைச் செஞ்சு பார்த்து, 1995-ல கட்டுரையா எழுதினாங்க. தண்ணியை விட்டுவிட்டுப் பாய்ச்சினா கொசுப்புழு குறையுது. ஆனா நினைச்ச நேரத்துல தண்ணியை விடவும் வடிக்கவும் முடியணும். வாய்க்கால்ல முறை வச்சுத் தண்ணி வர்ற, வடிகால் தூர்ந்து கிடக்குற ஊர்ல அது விவசாயி ஒருத்தன் கையில மட்டும் இல்லை. வடிகாலைத் தூர் வாருங்கன்னு நாங்க கத்துறது நெல்லுக்காக மட்டும் இல்லைங்கிறதை இனிமே புரிஞ்சுக்குங்க.

இப்ப புகைக்கு வர்றேன். காய்ச்சல் வந்தா ஊருக்குள்ள புகை மெஷின் வரும். பொடிசுங்க எல்லாம் பின்னாடியே ஓடும். எல்லாருக்கும் மனசு நிறைஞ்சிடும். அந்தப் புகை பறக்குற கொசுவைத்தான் கொல்லும். தொட்டிக்குள்ள நெளியுற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. முட்டையில இருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள், மிஞ்சினா பத்து நாள். அடுத்த வாரமே புதுப் பட்டாளம் தயார்.

வயல்ல புகையான் விழுந்தா நாங்க என்ன செய்யறோம்? நெல்லுத் தூரைப் பிரிச்சுப் பார்த்து எண்ணுறோம். தூருக்கு ஒரு பூச்சி இருந்தா மருந்தடிக்கலாம். சிலந்தி இருக்குற வயல்னா ரெண்டு வரைக்கும் பொறுக்கலாம். இதைச் சொல்லிக் கொடுத்தது வேளாண் பல்கலைக்கழகம். எண்ணாம மருந்தடிக்கிறவனை ஊரே திட்டும். மனுஷன் உயிர் விஷயத்துல மட்டும் எண்ணிக்கை வேணாம், புகை போதுமா?

"அரசாங்கம்தான் எண்ணுதே"ன்னு கேப்பீங்க. எண்ணுறாங்க. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளருங்க, பெரும்பாலும் தினக்கூலிப் பெண்கள், வீடு வீடா வந்து தொட்டியை எட்டிப் பார்த்து, மருந்து ஊத்திட்டுப் போறாங்க. அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா எங்க தெருவுல எடுத்த கணக்கு எங்க தெருவுக்கு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. எத்தனை வீட்டுல புழு இருந்துச்சு, போன வாரத்தைவிடக் கூடவா குறைச்சலா, எதுவும் தெரியாது. புழு இருந்தா அபராதம்னு பயமுறுத்தினா, ஜனங்க தொட்டியைக் கழுவுறதுக்கு முன்னாடி கதவைத்தான் சாத்துவாங்க.

கணக்கு ஜனங்க கையில இருந்தா என்ன ஆகும்னு கேரளாவுல சேர்த்தலையில பார்த்தாங்க. அங்க யானைக்கால் நோய். அதைப் பரப்புற கொசு குளத்துல மிதக்குற ஆகாயத்தாமரை வேர்ல ஒட்டிக்கிட்டு வளரும். 1980-கள்ல புதுச்சேரி கொசு ஆராய்ச்சி மையத்துக்காரங்க ஊர்க்காரங்களோட சேர்ந்து குளத்தைச் சுத்தம் பண்ணாங்க. அதோட நிக்காம அந்தக் குளத்துலயே மீன் வளர்க்கச் சொன்னாங்க. மீனுக்காகவாவது குளத்தைச் சுத்தமா வச்சிருப்பாங்க இல்லையா? யானைக்காலுக்குப் பேர் போன கும்பகோணத்தைப் பக்கத்துல வச்சிருக்குற நாம இதைப் படிச்சிருக்கணும்.

ஸ்பெயின்ல 2014-ல இருந்து ‘மாஸ்கிட்டோ அலர்ட்’னு ஒரு செயலி. சாதாரண ஜனங்க கொசுவைப் படம் புடிச்சு அனுப்புவாங்க, பூச்சி நிபுணருங்க பார்த்துச் சொல்வாங்க. அந்த நாட்டுல அதுவரை இல்லாத ஒரு ஏடிஸ் வகை வந்திருக்குங்கிறதை 2018-ல காட்டிக் கொடுத்ததே இப்படி ஒருத்தர் அனுப்பின படம்தான். நாசா ஆதரவுல வந்த ‘குளோப் அப்சர்வர்’ செயலி இன்னும் ஒரு படி மேல. புழுவை எண்ணி, படம் எடுத்து அனுப்பின பிறகு, "தண்ணியைக் கொட்டியாச்சா?"ன்னும் கேட்கும். எனக்குப் பிடிச்சது அந்தக் கடைசிக் கேள்விதான்.

நமக்குச் செயலி கூட வேணாம். தெருவுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம். நாலு கட்டம் போடுங்க: வீடு, தண்ணி நிக்கிற பாத்திரம் எத்தனை, புழு இருந்தது எத்தனை, கொட்டித் தேய்ச்சுக் கழுவினது எத்தனை. தேய்க்கிறது முக்கியம். ஏடிஸ் முட்டை தொட்டிச் சுவத்துல ஒட்டிக்கிட்டு, தண்ணி இல்லாமலே மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்துல புழுன்னு கணக்குப் போட்டா, அதுதான் நிபுணருங்க சொல்ற பிரட்டோ குறியீடு. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுடும். பேர் எழுத வேணாம், அபராதம் வேணாம். ரேஷன் கடைச் சுவத்துல எண்ணை மட்டும் ஒட்டுங்க. அக்டோபர் 2 கிராம சபையில படிங்க. வடகிழக்குப் பருவமழைக்குச் சரியா முன்னாடி வர்ற கூட்டம் அது.

இந்த நோட்டு ரெண்டு பக்கமும் வெட்டும். மூணு நாளைக்கு ஒருதரம் குழாய்த் தண்ணி வர்ற தெருவுலதான் புழு அதிகம்னு அது காட்டினா, "தொட்டியை மூடு"ன்னு எங்களுக்குச் சொல்றவங்க முதல்ல தினம் தண்ணி விடணும். அந்த மனுவை எழுத எங்க கையில எண்ணிக்கை இருக்கும். வெறுங்கையோட போய்ப் புலம்புறதுக்கும் கணக்கோட போய்க் கேக்குறதுக்கும் உள்ள வித்தியாசம், கொள்முதல் நிலையத்துல வரிசையில நின்னவனுக்குத் தெரியும்.

நடவு சமயத்துல காய்ச்சல்ல பத்து நாள் படுத்தா, கூலிக்குப் போறவங்களுக்கு அந்த சீசனே போச்சு. 2017-ல தமிழ்நாட்டுல இருபதாயிரம் பேருக்கு மேல டெங்குன்னு அரசுக் கணக்கே சொல்லுச்சு. அதுல எத்தனை பேர் தினக்கூலின்னு யாரும் எண்ணலை.

அதனால, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வயலைப் பார்த்து மூக்கைச் சுளிக்காதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை உங்க அபார்ட்மெண்ட் மொட்டை மாடி, லிஃப்ட் குழி, பால்கனிப் பூந்தொட்டித் தட்டு எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. எண்ணுங்க, கொட்டுங்க, கழுவுங்க. எத்தனைன்னு இங்க கருத்துல எழுதுங்க. எங்க தெரு எண்ணை நானும் எழுதுறேன். யாரு ஊர்ல கொசு அதிகம்னு அப்புறம் பேசிக்கலாம்.