கம்பெனி கிளம்பிடுச்சு, கார் இருக்கு: அந்தமானில் பழைய ஃபோர்டு வாங்கலாமா?

வீடு சிப்பிகாட்டில், வேலை போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜய புரம்). தினமும் போய்வர பழைய கார் தேடுகிறீர்கள். அதே வயசு, அதே கிலோமீட்டர் ஓடிய மற்ற கார்களைவிட ஒரு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ஏன் விலை குறைவு?

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு அறிவித்தது. ஈகோஸ்போர்ட் தயாரான மறைமலை நகர் ஆலை 2022-ல் நின்றது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது. ஆனாலும் ‘நாளைக்கு இதை யார் வாங்குவாங்க?’ என்ற சந்தேகம் விலையை இறக்கிவிடுகிறது. 2017 இறுதியில் இங்கே விற்பனையை நிறுத்திய செவ்ரோலேவுக்கும் இதே கதைதான்.

“ஃபோர்டு திரும்ப வருதாமே?”

சென்னை ஆலையை மீண்டும் பயன்படுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் ஃபோர்டு சொன்னது ஏற்றுமதிக்காக. இதைக் காட்டி யாராவது விலையை ஏற்றினால் நம்பிடாதீங்க.

தீவில் என்ன வித்தியாசம்?

ஃபில்டர், பிரேக் பேட் மாதிரியானவற்றை மற்ற கம்பெனிகளும் தயாரிக்கின்றன. சிக்கல் ஹெட்லைட், பம்பர், எலக்ட்ரானிக் பாகங்களில்தான். சென்னையில் கிடைத்தாலும் கடல் தாண்டி வரணும். அதுவரை கார் ஷெட்டில் நிக்கும், நீங்க ஆட்டோவில் போவீங்க.

இன்ஷூரன்ஸையும் யோசியுங்கள். பழுதுச் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் (ஐடிவி) 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘மொத்த இழப்பு’ என்று கணக்கு முடிப்பார்கள். கார் மதிப்பு குறைவு, பாகம் விலை அதிகம் என்றால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

வாங்கும் முன்

• காரைத் தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும்.
• பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். மெயின்லேண்ட் பதிவு என்றால் தடையில்லாச் சான்றும் (படிவம் 28) கேளுங்கள்.
• கார் கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

சரி, முடிவு என்ன?

வருஷக்கணக்கில் ஓட்டித் தீர்க்கப்போறீங்க, தெரிஞ்ச மெக்கானிக் இருக்கார் என்றால் லாபம்தான். இரண்டு வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் வரும் வேலையா? யோசிங்க. இன்று உங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியை, விற்கும்போது நீங்களும் இன்னொருவருக்குக் கொடுத்தாகணும்.